திகதி பார்த்து ஓடிய ஆட்டங்கள்

போரால் மூடிக் கிடந்த, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்ததும் ‘மொரோவிண்ட்’ என்ற கணினி ஆட்டம் வெளிவந்ததும் ஒரே ஆண்டில், 2002இல். பாதை திறந்தது தீவுப்பகுதியில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். மொரோவிண்டைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். கொழும்பிலிருந்து லொறிகளில் வந்த பழைய கணினிகள் பண்ணைப் பாலம் கடந்து ஊர்காவற்றுறைக்கும் வந்தன. அவற்றைத் திருத்துவது என் தொழில். ஆட்டங்கள் எனக்கு அறிமுகமானது அந்த வழியால்தான்.

மொரோவிண்டை விற்ற பெதஸ்டா நிறுவனம், அந்த உலகத்தை மாற்றிக் கட்டும் கருவியையும் சேர்த்தே கொடுத்தது. வாங்கியவர் புதிதாக ஒரு வீட்டையோ ஆளையோ ஒரு கதையையோ அதில் சேர்க்கலாம். அப்படிச் சேர்ப்பதுதான் மொட். இங்கிலாந்தில் ராபின் ஸ்கொட் என்ற இளைஞர் 2001இல் தொடங்கிய தளமே பிறகு மொட்களைப் பகிரும் நெக்சஸ் மொட்ஸ் என்று வளர்ந்தது.

இன்றைக்கு மொட் போடப் பழகும் பெடியள் ‘லோட் ஓடர்’, அதாவது மொட்கள் ஏறும் வரிசை, என்றதுமே பயப்படுகிறார்கள். இரண்டு மொட்கள் ஒரே வாளின் விலையை மாற்றினால் எது செல்லும்? கடைசியாக ஏறுவது. மொரோவிண்டில் கடைசியாக ஏறுவதைத் தீர்மானித்தது, கோப்பு எப்போது கடைசியாகத் திருத்தப்பட்டது என்ற திகதி. இதை எழுதியவர்கள் எங்கள் கணினிகளைக் கண்டிருக்கமாட்டார்கள். கடல் காற்றிலும் கறண்ட் வெட்டிலும் கிடந்த பெட்டிகளில் மதர்போர்ட் பற்றரி செத்திருக்கும். ஒவ்வொரு முறை போடும்போதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அதில் ஒருவன் நேற்றிரவு செய்த மொட்டைச் சேமித்தால், அது எல்லாவற்றிலும் மூத்ததாகிப் பட்டியலின் தலையில் ஏறும். பின்னால் வருவதெல்லாம் அதை மூடிவிடும். “அண்ணை, நான் செய்தது ஆட்டத்தில வரேல்லை” என்று வருபவனுக்கு மருந்து, ஒரு புதுப் பற்றரியும் திகதியை மாற்றும் சின்ன மென்பொருளும்.

2006இல் மொரோவிண்டின் அடுத்த பாகமான ‘ஒப்லிவியன்’ வந்தது. அதிலும் திகதிக் கணக்குத்தான். படங்கள், ஒலிகள் எல்லாம் ‘டேட்டா’ ஃபோல்டருக்குள் நேரே கொட்டப்பட்டன. ஒரே பெயரில் இரண்டு வந்தால் முன்னையது அழியும். பிடிக்காத மொட்டை எடுப்பதென்றால் எந்தக் கோப்பு யாருடையது என்று தெரியாது. டைம்ஸ்லிப் என்ற புனைபெயர்க்காரர் செய்த ஒப்லிவியன் மொட் மனேஜர் அந்தக் கணக்கை எழுதிவைத்தது. அதே ஆண்டு பெதஸ்டா ஆட்டத்திலுள்ள குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டொலருக்கு விற்று உலகத்திடம் திட்டு வாங்கியது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து மட்டக்குதிரைகள் காசில்லாமல் மேயும் நெடுந்தீவில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டது. 2009 முடியும்வரை ஆட்ட டிவிடிகள் வருவதும் குறைந்தது.

2011இல் அதற்கடுத்த பாகம், ‘ஸ்கைரிம்’. திகதிக் கணக்கு சீக்கிரமே போய், வரிசை ஒரு சாதாரண எழுத்துக் கோப்புக்கு மாறியது. ஆனால் எனக்குப் பெரிய விஷயம் மொட் ஓகனைசர். டானின் என்ற புனைபெயரில் அதை எழுதியவர் ‘டேட்டா’ ஃபோல்டரைத் தொடவே விடவில்லை. ஒவ்வொரு மொட்டும் தன்தன் ஃபோல்டரில் கிடக்கும். ஆட்டம் ஓடும் நேரம் மட்டும் எல்லாம் ஒன்றாகக் கிடப்பதுபோலக் காட்டும். ரிக்கை எடுத்தால் மொட் இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை என்பது என் கட்சி. பிறகு அவரே நெக்சஸுக்குப் போய் அதன் மொட் மனேஜரான வோர்டெக்ஸை எழுதினார். எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

தீவுக்கு அதில் இன்னொரு வசதி. மொட்கள் முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதால், ஊர்காவற்றுறையில் இறக்கியதை ஹார்ட் டிஸ்கில் போட்டு, குறிகட்டுவானில் படகேறி, ஜெனரேற்றர் மின்சாரத்தில் இருக்கும் நெடுந்தீவுக்குக் கொண்டுபோகலாம். நெற் தேவையில்லை. இரு பக்கமும் ஆட்டத்தின் பதிப்பு எண் ஒன்றாயிருந்தால் போதும்.

 

பதிப்பு எண்ணின் அருமை தெரிந்தது 2021 நவம்பரில். ஸ்கைரிமின் பத்தாண்டு நிறைவுப் புதுப்பிப்பு தானாகவே இறங்கியதும், ஆட்டத்தின் நிரலை நீட்டும் ‘எஸ்கேஎஸ்இ’யை நம்பிய மொட்கள் உலகம் முழுக்க நின்றுபோயின. ஆட்டங்களை விற்று இறக்கித் தரும் ஸ்டீமை ஓஃப்லைனில் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெதுவான நெற்றைத் திட்டிக்கொண்டே அப்படி வைத்திருந்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய.