இரட்டையர் முதல் பபூன்வரை: குடல் நுண்ணுயிர்களில் மரபின் பங்கு

குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைத் தீர்மானிப்பது பிறப்பா, சோறா என்ற வழக்கில் முதல் தீர்ப்பு பிறப்புக்கு எதிராகவே வந்தது. பீட்டர் டர்ன்பா, ஜெஃப்ரி கார்டன் குழுவினர் 2009இல் அமெரிக்க இரட்டையரையும் அவர்களின் தாய்மாரையுமாக 154 பேரை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையரின் நுண்ணுயிர்கள் ஒத்திருந்த அளவுக்கே இருகரு இரட்டையரின் நுண்ணுயிர்களும் ஒத்திருந்தன. அப்படியானால் மரபணுவுக்கு என்ன வேலை?

எண்ணிக்கை போதவில்லை என்பது பின்னர்தான் புரிந்தது. 2014இல் ரூத் லேயின் குழு பிரிட்டனின் 416 இரட்டையர் இணைகளை எடுத்துக்கொண்டபோது, ஒருகரு இரட்டையரிடையே ஒற்றுமை கூடுதலாகத் தெரிந்தது. மரபுவழித்தன்மை மிகுந்ததாக முன்னால் வந்து நின்றது கிறிஸ்டென்செனெல்லேசியே என்ற பாக்டீரியக் குடும்பம். ஒல்லியானவர்களிடம் அதிகம் காணப்படுவது அது. உடல்பருமனானவரின் மலத்தோடு இந்தக் குடும்பத்தின் ஓர் இனத்தைச் சேர்த்து, நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் எடை குறைவாகவே ஏறியது.

ஆனால் எந்த மரபணு? கிடைத்த விடைகளில் பல அடுத்த ஆய்விலேயே காணாமல் போயின. நிலைத்து நின்றது பால் சமாசாரம்தான். தாய்ப்பால் மறந்தபின் பெரும்பாலோருக்கு லாக்டேஸ் நொதி சுரப்பது குறைந்துவிடும். லாக்டேஸ் மரபணுவுக்கு அருகே ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்த நொதி வாழ்நாள் முழுதும் சுரக்கும். 2002இல் ஃபின்லாந்துக் குடும்பங்களில் இது கண்டறியப்பட்டது. மாற்றம் இல்லாதவர் ஒரு தம்ளர் பால் குடித்தால், பால்சர்க்கரையில் ஒரு பங்கு செரிக்காமலே பெருங்குடலை அடைகிறது. அங்கே பிஃபிடோபாக்டீரியங்களுக்கு அது விருந்து. அவருடைய குடலில் அவை பெருகுகின்றன. மரபணு நுண்ணுயிரைத் தொடவே இல்லை. நுண்ணுயிரின் இலைக்கு எது வந்து விழ வேண்டும் என்பதை மட்டும் மாற்றியது. பாலே குடிக்காதவரிடம் இந்த மரபணு பேச வழியில்லை. பிறப்பா, சோறா என்று கேட்டதே பிழையோ என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 1,046 பேரை ஆராய்ந்து மரபின் பங்கை வெகுவாகக் குறைத்துக் காட்டினர். இரட்டையர் தரவுகளை அவர்கள் மறுபடி கணக்கிட்டபோது கிடைத்தது 1.9 முதல் 8.1 விழுக்காடு மட்டுமே. 2021இல் 24 ஆய்வுக் குழுமங்களின் 18,340 பேரை ஒன்றுதிரட்டிய மிபயோஜென் கூட்டாய்வில் கடுமையான சல்லடையைத் தாண்டியது ஒரே இடம்: அதே லாக்டேஸ். குழந்தைகளிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. அந்த வயதில் எல்லோருக்கும் லாக்டேஸ் சுரக்கிறதே! அடுத்தடுத்து ஜெர்மனி, ஃபின்லாந்து, நெதர்லாந்து ஆய்வுகள் இரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணுவையும் இந்தப் பட்டியலில் சேர்த்தன.

மனிதரிடம் கிடைக்காத ஒன்று கென்யாவின் அம்போசெலியில் கிடைத்தது: பொறுமை. 585 காட்டுப் பபூன் குரங்குகளின் சாணத்திலிருந்து 14 ஆண்டுகளில் 16,234 மாதிரிகள். நுண்ணுயிர்ப் பண்புகளில் 97 விழுக்காட்டில் மரபின் சாயல் தெரிந்தது, சராசரி வலிமை வெறும் 0.068 என்றாலும். மனித ஆய்வுகளைப்போல ஒரு விலங்குக்கு ஒரு மாதிரி மட்டும் என்று எடுத்துப் பார்த்தபோது அந்தச் சாயல் ஏறக்குறைய மறைந்துபோனது. இரையின் வகைகள் சுருங்கும்போதும் வறண்ட மாதங்களிலும் மரபின் கை ஓங்கியது, மழைக்காலத்தில் தணிந்தது.