மூளைத் தமனிப் புடைப்புச் சிகிச்சையும் அறுவைப் பயிற்சியும்

மூளைத் தமனிப் புடைப்பு அல்லது அனியூரிசம் என்பது மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனியின் சுவர் வலுவிழந்து பை போலப் புடைத்து நிற்கும் நிலையாகும். இது வெடித்தால் மூளையைச் சுற்றிக் குருதி கசிந்து உயிருக்கு ஆபத்து நேரும். இதற்கான சிகிச்சை, மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவையிலிருந்து குழாய்வழிச் சிகிச்சைக்குப் பெருமளவு மாறியதால், இளம் நரம்பியல் அறுவை மருத்துவர்களின் செய்முறைப் பயிற்சியும் மாறியுள்ளது.

சிகிச்சை முறைகள்

1937 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டேண்டி, புடைப்பின் கழுத்தைக் கவ்வியால் அடைத்துச் சிகிச்சையளித்தார். 1960களின் பிற்பகுதியிலிருந்து சூரிச்சில் காசி யாசர்கில் வளர்த்தெடுத்த நுண்ணோக்கி அறுவை முறை இதனை மேலும் பாதுகாப்பானதாக்கியது.

1990 இல் கலிபோர்னியாவில் குயிடோ குக்லியெல்மி உருவாக்கிய பிளாட்டினச் சுருள் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டது. இம்முறையில் தொடைத் தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்திப் புடைப்பினுள் சுருள் நிரப்பப்படுகிறது.

2002 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், இரு முறைகளுக்கும் ஏற்றவர்கள் எனக் கருதப்பட்ட, புடைப்பு வெடித்த 2,143 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஓராண்டு முடிவில் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்ந்தோர் சுருள் முறையில் 23.7 விழுக்காடு, கவ்வி முறையில் 30.6 விழுக்காடு. இதன்பின் பல நாடுகளில் கவ்வி அறுவைகள் குறைந்தன.

பயிற்சியில் விளைவு

முன்னர் பயிற்சி மருத்துவர்கள் எளிய புடைப்புகளில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானவற்றுக்குச் சென்றனர். எளியவை பெரும்பாலும் குழாய்வழிச் சிகிச்சைக்குச் சென்றுவிட்டதால், அறுவைக்கு எஞ்சுபவை அகன்ற கழுத்துடையவை, கிளைத்தமனி புறப்படுபவை, சுருள் பயனளிக்காதவை போன்ற கடினமானவையே. இவற்றை மூத்த மருத்துவர்களே செய்ய நேர்கிறது. இதனால் கற்போர் ஏறவேண்டிய முதற்படிகளே குறைந்துவிட்டன. 2003 இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களின் பணிநேரம் வாரத்திற்கு 80 மணியாக வரையறுக்கப்பட்டதும் அறுவை அனுபவம் குறித்த விவாதத்தை வளர்த்தது.

மாற்று வழிகள்

கோழிச் சிறகுத் தமனி, எலித் தமனி, மகப்பேற்றுக்குப் பின் பெறப்படும் நஞ்சு, முப்பரிமாண அச்சு மாதிரிகள் ஆகியவற்றில் நுண்தையலும் கவ்வி பொருத்தலும் பயிலப்படுகின்றன. சிலர் அறுவை, குழாய்வழி ஆகிய இரண்டிலும் பயிற்சி பெறுகின்றனர். நோயாளிகளைச் சில பெரிய மையங்களுக்கு அனுப்புவதால் அங்கு அனுபவம் பெருகும்; பிற இடங்களில் அது மேலும் குறையும்.

மாதிரிகள் கைத்திறனை வளர்க்கும். ஆயினும் அறுவையின் நடுவே புடைப்பு வெடிக்கும்போது விரைந்து முடிவெடுக்கும் ஆற்றலை அவற்றால் முழுமையாகத் தர இயலாது. சுருள் பொருந்தாத நோயாளிகள் தொடர்ந்து இருப்பதால், அரிதாகிவரும் இத்திறனை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பது இன்றியமையாததாகும்.