பல டிஸ்க் சர்வர் வீட்டுக்கு வந்த கதை

பத்துப் பதினைந்து ஹார்டு டிஸ்க்குகளை ஒரே பெட்டிக்குள் அடுக்கி வீட்டிலேயே சர்வராக ஓட்டும் வழக்கத்தின் வேர், 1988இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் எழுதியது. அப்போது பெருங்கணினிகளுக்காக ஐபிஎம் விற்ற 3380 வகை டிஸ்க் 7.5 ஜிபி கொள்ளும். மேசைக் கணினிக்கான கானர் டிஸ்க்கில் 100 எம்பிதான். ஆனால் சின்னதை நிறையச் சேர்த்தால் வேகமும் கிடைக்கும், மின்செலவும் குறையும் என்று மூவரும் கணக்குப் போட்டார்கள்.

இடையூறு ஒன்றுதான்: மலிவு டிஸ்க் பழுதாகும். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் தாங்கும் என்றால், நூறு டிஸ்க் உள்ள அடுக்கில் 300 மணி நேரத்துக்கு ஒன்று போய்விடும். இரண்டு வாரம்கூட ஆகாது. இதற்குக் கட்டுரை சொன்ன மாற்றுதான், உபரி டிஸ்க் சேர்த்துத் தரவைக் காக்கும் ரெய்டு. அதன் நடுநாயகம் பாரிட்டி. நான்கு டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் 1, 0, 1, 1 இருந்தால், ஒன்றுகள் மூன்று, அது ஒற்றைப்படை. ஐந்தாவது டிஸ்க்கில் ஒரு 1 எழுதி அதை இரட்டைப்படையாக்கிவிடுவார்கள். பிறகு இரண்டாவது டிஸ்க் செத்துப்போனால், மிஞ்சிய நான்கிலும் 1 இருக்கும். எண்ணிக்கை ஏற்கெனவே இரட்டைப்படை. ஆகவே தொலைந்தது 0. இந்தச் சிறு கணக்கின் மேல்தான் பின்னால் வந்த அத்தனையும் நிற்கிறது.

தொண்ணூறுகளில் ரெய்டு, நிறுவனங்களின் சொத்தாகவே இருந்தது. அதற்கான கார்டுகளும் ஸ்கஸி டிஸ்க்குகளும் வீட்டுக்காரர் தொடக்கூடிய விலையில் இல்லை. வீட்டில் அவ்வளவு தரவும் இல்லை. டிஜிட்டல் கேமராவும் டிவிடியும் பரவிய பிறகுதான் இடம் போதாமல் போயிற்று. 2007இல் ஹிட்டாச்சியின் 1 டெராபைட் டிஸ்க் 399 டாலருக்கு வந்தது.

மென்பொருள் அதற்கு முன்பே தயாராகியிருந்தது. 2005ஆம் ஆண்டை இந்த வரலாற்றின் திருப்புமுனை என்றே சொல்லலாம். பிரான்சின் ஒலிவியே கோஷார்-லாபே பழைய கணினியைச் சேமிப்பு சர்வராக மாற்றும் ஃப்ரீநாஸை அந்த ஆண்டில் வெளியிட்டார். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரென்ஸும் உருவாக்கிய இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் மூலநிரலும் அப்போதுதான் திறந்துவிடப்பட்டது. எழுதும் ஒவ்வொரு தொகுதிக்கும் இசட்எஃப்எஸ் ஒரு சரிபார்ப்பு எண் வைக்கும். படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் பாரிட்டியிலிருந்து திருத்திக்கொள்ளும். டிஸ்க் சாகாமலே பொய் சொல்லக்கூடும் என்பதை வீட்டுப் பயனருக்கு உணர்த்தியது இதுதான்.

மைக்ரோசாஃப்ட்டும் 2007இல் விண்டோஸ் ஹோம் சர்வரைக் கொண்டுவந்தது. வெவ்வேறு அளவு டிஸ்க்குகளை ஒரே குவியலாகக் காட்டும் அதன் வசதியை மக்கள் விரும்பினார்கள். கோப்புகளைச் சிதைக்கும் பிழையொன்று அதில் இருந்தது. திருத்தம் 2008இல்தான் வந்தது. 2010இல் அந்த வசதியையே நீக்குவதாக நிறுவனம் அறிவித்ததும் ஒரு கூட்டமே வேறு இடம் தேடிப் போனது.

கட்டும் கலை வளர்ந்தது வேறொரு பக்கம். 2009இல் பேக்பிளேஸ் நிறுவனம் 45 டிஸ்க் கொண்ட தன் சிவப்புப் பெட்டியின் வரைபடத்தை வெளியிட்டது: 67 டெராபைட், 7,867 டாலர். மதர்போர்டில் இணைப்பு போதாத வீட்டுக்காரர்கள், சர்வர்களிலிருந்து கழற்றி விற்ற ஐபிஎம் எம்1015 கார்டை வாங்கினார்கள். அதன் ரெய்டு மென்பொருளை அழித்து, டிஸ்க்குகளை அப்படியே கணினிக்குக் காட்டும் வேறொன்றை ஏற்றினால், எட்டு டிஸ்க் மாட்டலாம்.

2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டலின் தொழிற்கூடங்கள் மூழ்கின. டிஸ்க் விலை எகிறியது. வெளியே செருகும் யுஎஸ்பி டிஸ்க் மட்டும் மலிவாகக் கிடைக்க, உறையை உடைத்து உள்ளிருப்பதை எடுத்தார்கள். விலை இறங்கிய பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. பின்னாளில் வந்த சில டிஸ்க்குகள் சாதாரணக் கணினியில் சுழலவே மறுத்தன. மூன்றாவது மின்முனைக்கு 3.3 வோல்ட் வந்தால் அணைந்துகொள்ளும் ஏற்பாடு அவற்றில் இருந்தது. அந்த முனையை மறைக்க நகக்கீறல் அகல ஒட்டுநாடா போதும்.

2020இல் வேறு தகராறு. சேமிப்பு சர்வருக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சிலவற்றில், தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தது தெரியவந்தது. வாங்கியவரிடம் சொல்லவில்லை. தொடர்ந்து எழுதினால் இவை தள்ளாடும். பழுதான டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிதை மாட்டி நிரப்பும்போது தேவைப்படுவதோ அந்தத் தொடர் எழுத்துதான். எதிர்ப்புக்குப் பிறகு, பழைய முறையில் எழுதும் டிஸ்க்குகளை நிறுவனம் ரெட் பிளஸ் என்று பிரித்து விற்றது.

வீட்டுக்காரரின் நெடுநாள் குறை மட்டும் தீராமல் இருந்தது. இசட்எஃப்எஸ்ஸின் பாரிட்டி அடுக்கில் பின்னால் ஒரே ஒரு டிஸ்க்கைக் கூட்ட முடியாமல் இருந்தது. டிஸ்க்கை மொத்தமாக வாங்கும் நிறுவனத்துக்கு அது பொருட்டல்ல. சம்பளத்துக்குச் சம்பளம் ஒன்று வாங்குபவருக்குப் பெரிய தடை. தனிப் பாரிட்டி டிஸ்க் வைத்து, இஷ்டப்பட்டபோது ஒன்றைச் சேர்க்கவிடும் அன்ரெய்டு என்ற மென்பொருள், காசு கொடுத்து வாங்கவேண்டியதாக இருந்தும் வீடுகளில் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். 2025 ஜனவரியில் வந்த, இசட்எஃப்எஸ்ஸின் வழிவந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பில் ஒற்றை டிஸ்க்கைக் கூட்டும் வசதி சேர்ந்தது.