கோடை முகாமும் கம்சாளெக் கதையும்

ஹனூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியில் உள்ள கௌதள்ளி என்னும் ஊர், 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் வட்டத்தில் அடங்கியிருந்து, பின்னர் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் மைசூர் நகரில், 1989இல் பி. வி. காரந்தை முதல் இயக்குநராகக் கொண்டு கர்நாடக அரசு நிறுவிய ரங்காயணம் என்னும் நிலையான நாடகக்குழு, கோடை விடுமுறையில் ‘சின்னர மேள’ என்ற சிறுவர் முகாமை நடத்திவருகிறது. பாட்டும் ஓவியமும் கைவினையும் பழகும் பிள்ளைகள் முகாமின் முடிவில் தாங்களே நாடகங்களை மேடையேற்றுகின்றனர். படைப்பாற்றல் மனப்பாடத்தால் வளர்வதன்று என்ற தெளிவே இதன் பெருஞ்சிறப்பு.

கௌதள்ளியை அடுத்த மாதேஸ்வரன் மலைப்பகுதியிலோ இதற்கும் முந்திய கதைப்பள்ளி ஒன்று உண்டு. ஒரு கையில் கிண்ணம்போல் குழிந்த வெண்கலத் தாளத்தையும் மறு கையில் கயிறு கட்டிய தட்டைத் தாளத்தையும் ஏந்தி, அம்மலையின் தெய்வமான மாதேஸ்வரர் வரலாற்றை இரவெல்லாம் பாடும் தேவரகுட்டர் எனப்படும் கம்சாளெக் கலைஞர்கள், அந்நெடுங்காப்பியத்தைக் கேள்வி வழியாகவே கற்றனர். ஆகவே, இளையோருக்கு எழுத்துப் பயிற்சி முகாம் நடத்துவோரும் இக்கலைஞர்களை ஆசிரியர்களாக அழைத்து, அவர்களுக்குரிய ஊதியமும் வழங்க வேண்டும்.