பூங்காவுக்கு வருவோர்: புகைப்படங்கள் சொல்லும் கணக்கு

ஒரு தேசியப் பூங்காவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எந்த மாதங்களில் வருகிறார்கள், எதைக் காண வருகிறார்கள் என்பவை அதன் நிர்வாகம் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைத் தகவல்கள். பாதை அமைப்பது, காவலர்களை நியமிப்பது, அரசிடம் நிதி கோருவது ஆகிய அனைத்தும் இவற்றைச் சார்ந்தே அமைகின்றன.

ஆனால் இவற்றைத் திரட்டுவது எளிதல்ல. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் நுழைவாயில்கள் இருப்பதால் வருவோரைப் பதிவு செய்ய முடிகிறது. நுழைவுக் கட்டணம் இல்லாத பின்லாந்துப் பூங்காக்களிலோ, பாதையோரங்களில் பொருத்தப்பட்ட மின்னணுக் கருவிகளே நடந்து செல்வோரை எண்ணுகின்றன. வருவோரின் விருப்பங்களை நேரில் கேட்டறிவதற்குப் பணமும் ஆட்களும் தேவை.

இதனால், பார்வையாளர்கள் சமூக வலைத்தளங்களில் தாமாகவே வெளியிடும் படங்கள் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது.

எண்ணும் முறை

அமெரிக்க ஆய்வாளர்கள் 2013 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று, 31 நாடுகளில் உள்ள 836 சுற்றுலா இடங்களை ஃப்ளிக்கர் தளத்தின் படங்களைக் கொண்டு ஆராய்ந்தது. படத்துடன் பதிவாகும் நாளும் இடமும் இதற்கு உதவின. ஒருவர் ஒரே நாளில் ஓரிடத்தில் எத்தனை படங்கள் எடுத்திருந்தாலும் அது ஒரு வருகையாகவே கணக்கிடப்பட்டது. இக்கணக்கு, நேரடியாக எடுக்கப்பட்ட கணக்குகளுடன் பெருமளவு ஒத்துப்போனது.

பின்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் 56 தேசியப் பூங்காக்களில் 2014 ஆம் ஆண்டுக்கான தரவுகளை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு 2017 இல் வெளியானது. ட்விட்டர், ஃப்ளிக்கர் ஆகியவற்றைவிட இன்ஸ்டகிராம் தரவுகளே அதிகாரபூர்வ எண்ணிக்கைக்கு நெருக்கமாக இருந்தன.

எதைக் காண விரும்புகிறார்கள் என்பதையும் படங்கள் காட்டுகின்றன. குரூகரில் 13,600க்கும் மேற்பட்ட படங்கள், பயணிகளிடம் நடத்தப்பட்ட கேள்விப் படிவ ஆய்வுடன் ஒப்பிடப்பட்டன. பெரிய பாலூட்டிகளே முதல் விருப்பம் என்று இரண்டும் ஒன்றுபோலத் தெரிவித்தன.

விடுபடுவோர் யார்?

எனினும் படம் வெளியிடாதவர் இக்கணக்கில் இல்லாதவராகிறார். கைத்தொலைபேசியை நாடாத முதியவரும், வாரந்தோறும் வந்து செல்லும் உள்ளூர்வாசியும் இதில் விடுபட வாய்ப்புண்டு.

கூட்டம் மிகுந்த பூங்காக்களில் இம்முறை நன்கு செயல்படுகிறது. குறைவானோர் வரும் பூங்காக்களில் தடுமாறுகிறது. எண்ணுவதற்கு ஆளும் பணமும் இல்லாத சிறிய பூங்காக்களுக்கே இத்தகைய மலிவான வழி அதிகம் தேவைப்படுகிறது என்பதுதான் இதிலுள்ள முரண்.

ஆபத்தும் உண்டு. ஆய்வாளருக்கு உதவும் அதே இடக்குறிப்பு, கொம்புக்காகக் காண்டாமிருகத்தைத் தேடுவோருக்கும் வழிகாட்டக்கூடும்.

நிறுவனங்களின் கையில் தரவு

மற்றொரு சிக்கல், இத்தரவுகள் பூங்காக்களுக்குச் சொந்தமானவை அல்ல என்பது. இன்ஸ்டகிராம் 2016 முதல் வெளியார் தன் தரவுகளைத் திரட்டுவதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தியது. தற்போது எக்ஸ் என அழைக்கப்படும் ட்விட்டர், ஆய்வாளர்கள் பயன்படுத்திவந்த இலவச வசதியை 2023 இல் நிறுத்தியது. ஒரு நிறுவனத்தின் வணிக முடிவால் பல ஆண்டுகளின் தொடர்ச்சி அறுந்துபோகலாம்.

படங்களின் கணக்கு சரியானதா என்பதைக் களத்தில் எடுத்த கணக்கைக் கொண்டே சரிபார்க்க முடியும். எனவே நுழைவாயில் பதிவேட்டையும் பாதையோரக் கருவியையும் கைவிடுவதற்கு இப்புதிய முறை காரணமாகிவிடக் கூடாது. அவற்றுக்குத் துணையாக நிற்கும்போதுதான் அதன் பயன் முழுமையாகிறது.