வட துருவத்துக்குப் போன தபால்

தபால் இலாகாவின் தர்மம் முழுவதும் விலாசத்தில் அடங்கியிருக்கிறது. பெறுபவர் இன்னார், அவருடைய இருப்பிடம் இன்னது என்று தெளிவாக எழுதப்படாத கடிதம் எந்தத் தேசத்துத் தபாலாபீஸிலும் கேட்பாரற்ற காகிதமாகிவிடும். அமெரிக்காவில் அத்தகைய கடிதங்களுக்கென்றே வாஷிங்டன் நகரில் 1825-ஆம் ஆண்டில் ஒரு தனிக் காரியாலயம் ஏற்பட்டது. பொம்மையும் சறுக்குவண்டியும் கேட்டுக் கோணல் எழுத்துக்களில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் குழந்தைகள் எழுதிய விண்ணப்பங்களும், வட துருவத்துக்குத் தபால் போவதில்லையாதலால், அங்கேதான் போய்ச் சேர்ந்தன. பதில் ஏதும் இன்றி, விதிப்படி அழிந்தும் போயின.

1912-ஆம் ஆண்டில் தபால் துறையின் தலைமைப் பதவியில் இருந்த பிராங்க் ஹிட்ச்காக் அந்த விதியைச் சற்றே தளர்த்தினார். இக்கடிதங்களைப் படித்துப் பதில் எழுதத் தபால் ஊழியர்களையும் பொதுஜனங்களையும் அனுமதிக்கலாம் என்று ஊர்தோறுமிருந்த போஸ்ட்மாஸ்டர்களுக்கு அவர் அதிகாரம் அளித்தார். ஆனால் அது பிரஜைகளின் தயாளத்தை நம்பிய ஏற்பாடு. பதிலெழுத யாரும் முன்வராத கடிதத்துக்குப் பதில் கிடையாது.

அந்தக் குறையைப் பிரான்சு தீர்த்தது. 1962-இல் அத்தேசத்தின் தபால் மந்திரியாக இருந்த ஜாக் மாரெத், தாத்தாவுக்கு எழுதும் குழந்தைகளுக்குச் சர்க்காரே பதில் அனுப்பவேண்டும் என்று தீர்மானித்து, அந்த முதற் பதிலை எழுதித் தரும் பொறுப்பை இலாகா குமாஸ்தா ஒருவரிடம் விடாமல், குழந்தைகளின் மனோதத்துவத்தில் தேர்ந்த வைத்தியரான தம் சகோதரி பிரான்சுவாஸ் தோல்தோவிடம் ஒப்படைத்தார். இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அம்சம் இதுவே. விளையாட்டுத்தானே என்று எண்ணி எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பியிருக்கலாம். குழந்தையின் நம்பிக்கையைக் கையாளுவதற்கு அதற்குரிய ஞானம் உடையவர் தேவை என்று ஒரு மந்திரி உணர்ந்தாரே, அது ராஜ்ய பரிபாலனத்தில் அபூர்வமாகக் காணப்படும் நுட்பம். பின்னர் இந்தப் பணி போர்தோ நகருக்கு அருகிலுள்ள லிபூர்னுக்கு மாறியது. விலாசம் புரியாத கடிதங்களைப் பிரித்து ஆராயும் தபால் நிலையம் அங்கே இருந்ததால், கிறிஸ்துமஸ் தாத்தாவின் காரியதரிசிகள் குடியேறுவதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. ஸ்டாம்பு ஒட்டாமல் போடும் கடிதமும் அங்கே போய்ச் சேரும். வந்து குவியும் கடிதங்களின் தொகை பத்து லட்சத்தைத் தாண்டிய ஆண்டுகள் பல உண்டு.

கனடாவில் இது மேலிடத்து உத்தரவாக அன்றி, எழுபதுகளில் மான்ட்ரீல் நகரத்துத் தபால் ஊழியர்களின் சொந்த ஆர்வத்தால் பிறந்தது. பின்னர் இலாகாவே அதை ஏற்று, தாத்தாவின் சிரிப்பை அப்படியே ‘ஹோ ஹோ ஹோ’ என்று வாசிக்கும்படியான தபால் குறியீடு ஒன்றையும் வட துருவத்துக்கு வழங்கியது. கண் பார்வையற்ற குழந்தைகளுக்கு அங்கிருந்து பிரெயில் எழுத்தில் பதில் போகிறது.

சர்க்கார் விளையாட வந்தால் அதன் ஜாக்கிரதையும் கூடவே வரும், வரவும் வேண்டும். கடிதத்தைப் பெற்றுச் சென்று பரிசு அனுப்ப விரும்புபவர் தம் அடையாளத்தைக் காட்டவேண்டும் என்று அமெரிக்காவில் 2006-இல் விதி ஏற்பட்டது. அப்படியிருந்தும், குழந்தைகளுக்குத் தீங்கிழைத்த குற்றவாளியாகப் பதிவானவர் ஒருவர் 2008-இல் ஒரு கடிதத்தைப் பெற்றுவிட்டது தெரியவரவே, அதிகாரிகள் அந்த ஏற்பாட்டைச் சிறிது காலம் நிறுத்தினார்கள். மீண்டும் தொடங்கியபோது குழந்தையின் குடும்பப் பெயரையும் விலாசத்தையும் மறைத்தே கடிதத்தைக் கொடுத்தார்கள். பரிசை வாங்குபவர் அதைக் கட்டித் தபாலாபீஸில் சேர்ப்பதோடு சரி. அது எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பதைத் தபாலாபீஸ் மட்டுமே அறியும்.