அட்டைப்பெட்டிப் பரப்புக் கணக்கு

பெட்டி செய்யத் தேவைப்படும் அட்டையின் அளவைப் புறப்பரப்பைக் கொண்டு மதிப்பிடும் முறை. நீளம் 40, அகலம் 30, உயரம் 20 செ.மீ. கொண்ட கனச்செவ்வகத்தின் மொத்தப் புறப்பரப்பு 2(40×30 + 30×20 + 20×40) = 5,200 ச.செ.மீ.

சரக்கு அனுப்பும் நெளிவு அட்டைப்பெட்டிக்கு இது போதாது. மேலும் கீழும் உள்மடிப்புகள் வெளிமடிப்புகளுக்கு அடியில் மறைகின்றன. பக்கங்களை இணைக்க ஒட்டுப்பட்டையும் வேண்டும். விரித்த அட்டையின் ஒரு பக்கம் உயரம் + அகலம். மறுபக்கம் 2(நீளம் + அகலம்) + ஒட்டுப்பட்டை. பட்டை 4 செ.மீ. என்றால், 50×144 = 7,200 ச.செ.மீ.; 1,000 பெட்டிகளுக்கு 720 சதுர மீட்டர். வெட்டுக்கழிவைத் தனியே சேர்க்க வேண்டும்.

ஒரே கொள்ளளவுள்ள கனச்செவ்வகங்களில் கனசதுரத்துக்கே புறப்பரப்பு மிகக் குறைவு. ஆனால் இவ்வகைப் பெட்டியில், ஒட்டுப்பட்டையை நீக்கிக் கணக்கிட்டால், நீளம், அகலம், உயரம் 2:1:2 என அமையும்போதே அட்டை மிகக் குறைவாகச் செலவாகும்.